பத்துச் சதவீதமும் எழுபது சதவீதமும்

அன்பின் ஐயா,

என் முதற் சிறுகதைத் தொகுப்பை வெளியிட ஒரு பதிப்பகம் முன்வந்துள்ளது. விற்கும் பிரதிகளுக்கு எழுத்தாளருக்குத் தரும் பங்கு, அதாவது ரோயல்டி, 10 சதவீதம் என்கிறார்கள். அமேசனின் மின்னூல் தளமான கிண்டிலில் போட்டால் 70 சதவீதம், சொந்தமாக அச்சிட்டால் முழு இலாபம் என்கிறார்கள் நண்பர்கள். எதில் வருமானம் கூட?

வாசகர், கொட்டாஞ்சேனை

அன்பின் தம்பிக்கு,

எதன் மீதான சதவீதம், விற்காத பிரதிகள் யார் தலையில் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் கணக்குப் பிழைத்துவிடும்.

விலை 1,000 ரூபா, அச்சுச் செலவு பிரதிக்கு 500 ரூபா, மொத்தம் 300 பிரதிகள் என்று வைத்துக்கொள்வோம். பதிப்பகம் அட்டை விலையில் 10 சதவீதம் தந்து எல்லாம் விற்றுப்போனால் உங்களுக்கு 30,000 ரூபா. நீங்களே அச்சிட்டால் 150,000 ரூபாவை முதலில் போடவேண்டும். கடைக்கு 40 சதவீதக் கழிவு கொடுத்தால் பிரதிக்கு 600 ரூபாதான் கைக்கு வரும் என்பதால், 250 பிரதிகள் விற்ற பிறகே போட்ட முதல் திரும்பும், 300உம் தீர்ந்தால் மிஞ்சுவது அதே 30,000 ரூபா. என் இரண்டாவது நூலை ஒரு கடையில் 40 பிரதிகள் கொடுத்து, பற்றுச்சீட்டோடு ஏழு மாதம் நடந்தேன். கடைசியில் கட்டு அவிழ்க்கப்படாமலே, மேல் உறை கடதாசி பழுப்பேறி, 29 பிரதிகள் திரும்பி வந்தன.

வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்து வெளியீட்டு விழா வைத்தால் கழிவின்றி நேரே விற்கலாம். கடித உறையில் விலைக்கு மேல் வைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது உங்களை அறிந்தவர்கள் தருவது, அடுத்த நூலுக்கும் அதை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

கிண்டிலின் 70 சதவீதம், அமெரிக்கத் தளத்தில் விலை 2.99 டொலருக்கும் 9.99 டொலருக்கும் இடையில் இருந்தால்தான். அதற்கு வெளியே 35 சதவீதம். 70இலும் கோப்பின் அளவுக்கேற்ற அனுப்பற் கட்டணம் கழியும். இலங்கைக்கென அமேசன் தளம் இல்லாததால், உங்கள் வாசகர் பெரும்பாலும் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்.

முதல் தொகுப்புக்குப் பதிப்பகத்தையே நான் தேர்வேன். 10 சதவீதம் அட்டை விலையிலா, கழிவு போக அவர்களுக்கு வரும் தொகையிலா என்பதை எழுத்தில் கேளுங்கள்; கழிவு 40 என்றால் இரண்டாவதில் பிரதிக்கு உங்களுக்கு 100 அல்ல, 60 ரூபாதான். மின்னூல் உரிமையை மட்டும் ஒப்பந்தத்தில் கொடுத்துவிடாதீர்கள். அதைப் பிறகு நீங்களே கிண்டிலில் ஏற்றலாம்.