ஆர்வியைக் குளிர்காலத்துக்கு நிறுத்த, தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதுமா?

வணக்கம். ஆர்வியில், அதாவது தங்கும் வசதியுள்ள வண்டியில், போன நீண்ட பயணம் நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. நன்னீர்த் தொட்டியைத் திறந்துவிட்டேன், உறைபனிக்கு அது போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாதுங்க. குழாய் வளைவுகளிலும் பம்புக்குள்ளும் தண்ணீர் தங்கியிருக்கும். உறையும்போது அது ஏறக்குறைய 9 சதவீதம் விரிவதால் இணைப்புகள் விரிசல் விடும். குளிர் முடிந்து பம்பைப் போடும்போதுதான் அது தெரியவரும்.

முதலில் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்து கழுவுங்கள். அடுத்து வாட்டர் ஹீட்டர். கேஸ், மின்சாரம் இரண்டையும் அணைத்து, நன்றாக ஆறவிட்டு, சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தம் இறங்கிய பிறகே அடியிலுள்ள அடைப்பைக் கழற்றுங்கள். அவசரப்பட்டால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பிறகு ஹீட்டருக்குள் போகாமல் சுற்றிவிடும் பைபாஸ் வால்வைத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்து குழாய்களில் விடப்போகும் ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) எல்லாம் ஹீட்டரை நிரப்பவே போய்விடும்.

ஆன்டிஃப்ரீஸில் ஆர்விக்கென விற்கும் இளஞ்சிவப்பு புரோப்பிலீன் கிளைக்கால்தான் வேண்டும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, குடிநீர்க் குழாயில் வேண்டவே வேண்டாம். பம்பின் உறிஞ்சுகுழலை ஆன்டிஃப்ரீஸ் கேனில் விட்டு, பம்பைப் போட்டு, ஒவ்வொரு குழாயாகத் திறவுங்கள். குளிர்நீர், சுடுநீர் இரண்டிலும் இளஞ்சிவப்பு வர வேண்டும். டாய்லெட்டையும் வெளிப்புற ஷவரையும் விட்டுவிடாதீர்கள்; அந்த ஷவரை மறப்பது சுலபம். சிங்க் வடிகாலிலும் ஒரு கோப்பை ஊற்றுங்கள்.

லெட் ஆசிட் பேட்டரி என்றால் முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் கழற்றி வையுங்கள், சார்ஜ் இறங்கியது சீக்கிரம் உறையும். லித்தியம் பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்கள். ஃப்ரிட்ஜ் கதவு திறந்தே இருக்கட்டும்.

உங்கள் ஹீட்டரில் பைபாஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு வழி சொல்கிறேன்.