பத்திரமா வெச்சிருக்கோம்

கேள்வி: 2019-ல கல்யாணம் முடிச்சு பஹ்ரைன் வந்தோம். என்னோட 28 பவுனையும் அப்பா அம்மாகிட்ட குடுத்துட்டு வந்தேன். ஃபோன்ல எப்ப கேட்டாலும் "பத்திரமா வெச்சிருக்கோம் கண்ணு"ன்னாங்க. போன மாசம் நாத்தனார் கல்யாணத்துக்கு வந்து நகையக் கேட்டா, தம்பி பிசினஸுக்காக அடகு வெச்சு ரெண்டு வருஷம் ஆச்சாம், பாதி ஏலத்துல போயிடுச்சாம். "பெத்தவங்கதானே, மன்னிச்சிடு"ங்கறாங்க. மன்னிக்கணுமா? (பேர் போட வேணாம், அப்பா உங்க வாசகர்.)
– நாமக்கல் பக்கம் ஒரு வாசகி

பதில்: மன்னிப்பு கிடக்கட்டும், எனக்கு அந்த 'வெச்சிருக்கோம்'ல இருந்து வெளிய வரவே முடியல. உங்கப்பா ஒரு வார்த்தை கூட பொய் சொல்லலையேம்மா! வெச்சிருக்கோம்னார், வெச்சிருந்தார். பத்திரமான்னார், இரும்பு ரூம், கேமரா, வாசல்ல துப்பாக்கியோட தூங்கற ஒரு பெரியவர், இதைவிட பத்திரமா உங்க வீட்டு பீரோ இருக்குமா? வேற எந்த பாஷைலயும் காப்பாத்தி வெக்கறதுக்கும் அடகு வெக்கறதுக்கும் ஒரே வார்த்தைய குடுத்திருப்பாங்களான்னு தெரியல, நம்மாளுங்க குழம்பு வெப்பாங்க, மொய் வெப்பாங்க, பேர் வெப்பாங்க, கண்ணு வெப்பாங்க, ஆப்பும் வெப்பாங்க. நீங்க நம்பிக்கை வெச்சீங்க, அவங்க அதையும் சேர்த்து வெச்சுட்டாங்க. (இதைப் பாத்துட்டு 'வைத்து' என்பதே சரின்னு அந்த ரிட்டயர்டு தமிழாசிரியர் இன்லண்ட் லெட்டர் போடுவார், 11 வருஷமா போடறார். ஐயா, எல்லா லெட்டரையும் பத்திரமா வெச்சிருக்கேன்.)

இந்த நகைக்கடன் விளம்பரம் எடுக்கறவங்க மேல எனக்கு ரொம்ப நாள் கடுப்பு. அடகு வெக்கப் போற குடும்பம் என்னவோ கொடைக்கானல் போற மாதிரி சிரிச்சுகிட்டே போகுது. மீட்கப் போற குடும்பத்த எவனாவது காட்டிருக்கானா? போன தீபாவளி மலர்ல பின் அட்டைக்கு ஒண்ணு வந்துச்சு, வேணாம்னு சொன்னேன், எங்க மேனேஜர் இன்னிக்கு வரைக்கும் என்கூட டீ குடிக்கறதில்ல. ஆனா ஏல நோட்டீஸ் மட்டும் விடாம படிப்பேன். பேப்பர்ல முழுப் பக்கம் வரும், எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்துல கிளைக்கு கிளை கடன் நம்பர், வரிசையா நம்பர். ஆள் பேர் இருக்காது. அதுல ஒண்ணு உங்க நம்பரா இருந்திருக்கும், நான்கூட டீயோட அதைத் தாண்டிப் போயிருப்பேன்.

எங்கம்மாவோட ரெட்டை வட சங்கிலியும் போச்சு, என் காலேஜ் ஃபீஸுக்கு. முருகர் படத்துக்குப் பின்னாடி எட்டா மடிச்ச ரசீது, மடிப்பெல்லாம் மஞ்சள் கறை. மாசாமாசம் அம்மாதான் அதை எடுத்து அப்பா கையில குடுத்து "வட்டி கட்டிட்டு வாங்க"ம்பாங்க. சங்கிலி கடைசி வரைக்கும் வரல. ஆனா அது எங்க இருக்கு, எவ்வளவுக்கு இருக்குன்னு அம்மாவுக்குத் தெரியும், கழட்டிக் குடுத்ததே அவங்கதான். உங்க விஷயத்துல கழட்டினதும் தெரியாது, கட்டினதும் தெரியாது, ஏலம் போனதும் தெரியாது, கடைசி சீனுக்கு மட்டும் கூப்பிட்டு மன்னிச்சிடுங்கறாங்க. அது எப்படி? எதை மன்னிக்கறோம்னு தெரிய வேணாமா? மொதல்ல கணக்கு.

28 பவுன்னா 224 கிராம். எந்தெந்த நகை, எங்க, எவ்வளவுக்கு, எந்த தேதில? மீதிப் பாதியோட கெடு எப்ப? இதை இந்த வாரமே கேளுங்க, மன்னிப்பு ஓடிப் போகாது, கெடு ஓடிடும். இன்னொண்ணு, ஏலத்துல கடனும் வட்டியும் செலவும் போக மிச்சம் வந்தா அதை வெச்சவருக்குத் திருப்பித் தந்தாகணும், ரிசர்வ் பேங்க் விதி. நகை மதிப்புல 75 சதவீதத்துக்கு மேல கடன் தரக்கூடாதுன்னு அப்ப விதி இருந்துச்சு, அதுக்கப்புறம் தங்கம் ஏறின ஏத்தத்துக்கு மிச்சம் வந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அந்தப் பணம் யார் அக்கவுண்ட்ல விழுந்துச்சு? அப்பா அக்கவுண்ட்லயா, தம்பி பிசினஸ்லயா?

"நாங்க போட்ட நகைதானே"ன்னு யாராவது இழுத்தா, 2024 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்ல முடிஞ்ச ஒரு தெலங்கானா கேஸைச் சொல்லுங்க. விவாகரத்தான பொண்ணோட கல்யாண நகையத் திருப்பித் தரலைன்னு அப்பா போய் பழைய சம்பந்தி மேல கேஸ் குடுத்தார். அது பொண்ணோட சொத்து, அவங்க இருக்கறப்ப அவங்க சொல்லாம கேக்க உங்களுக்கு உரிமை இல்லைன்னு கோர்ட் கேஸையே ரத்து பண்ணிடுச்சு. திருப்பி வாங்கவே அப்பாவுக்கு உரிமை இல்லைன்னா, கொண்டு போய் வெக்க எங்க இருந்து வந்துச்சு?

இதுக்காக நீங்க பெத்தவங்க மேல கேஸ் போடுவீங்கன்னு நான் நினைக்கல. போட மாட்டீங்கன்னு அவங்களுக்கும் தெரியும், அந்த தைரியத்துலதான் நகை போச்சு. தம்பிய ஏன் யாருமே கேள்வி கேக்கலைங்கறது எனக்கு தனி ஆச்சரியம், உங்க லெட்டர்லயே அவர் அரை வரிதான் வர்றார்.

அப்பா வாசகர்னு சொன்னீங்க இல்ல, அவருக்கு ரெண்டு வார்த்தை. ஐயா, உங்க வீட்லயும் ஏதோ ஒரு சாமி படத்துக்குப் பின்னாடி அந்த ரசீது இருக்கும். எல்லாத்தையும் எடுத்து, போட்டோ புடிச்சு, இன்னிக்கே பொண்ணுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. சந்தா புதுப்பிக்கறத அப்புறம் பாத்துக்கலாம்.