தோம்யாம் கடையில் சைவம் கிடைக்குமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். ஈப்போவிலிருந்து மாமியார் வருகிறார். சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் கோழி, மீன் சாப்பிடுவோம், மாடு கிடையாது. பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது. வீட்டுக்கு அருகில் உள்ள தாய்லாந்து தோம்யாம் கடைக்கு எல்லாரையும் கூட்டிப் போக ஆசை. 100 ரிங்கிட்டுக்குள் முடியுமா? மாமியாருக்கு என்ன ஆர்டர் செய்வது?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் மாமியாருக்குத் தோம்யாம் என்கிற புளிப்புக் காரச் சூப் மட்டும் வேண்டாம். இறாலுக்குப் பதில் காய்கறி போடச் சொன்னால் சைவமாகிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதில் போடும் செராய் (எலுமிச்சைப் புல்), லெங்குவாஸ் (அரத்தை), லீமாவ் பூருட் (ஒருவகை எலுமிச்சை) இலை எல்லாம் சைவம்தான். சிக்கல் விழுதில் இருக்கிறது. அந்தச் சிவப்பும் மேலே மிதக்கும் எண்ணெயும் அதிலிருந்து வருபவை. கடையில் விற்கும் தோம்யாம் விழுதில் பெரும்பாலும் இறால் சேர்ந்தே இருக்கும். அதில் ஊற்றும் தண்ணீரும் பல இடங்களில் கோழி எலும்பு வெந்த சாறு. அப்புறம் மீன் சாஸ் வேறு. 2024இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த 'தோம்யாம் குங்' என்பதும் இறால் சூப்தான்.

கோலாலம்பூரில் இந்த மாதிரிக் கடைகளில் பல, தென் தாய்லாந்தின் பத்தானி, யாலா, நராத்திவாட் பக்கத்து முஸ்லிம்கள் நடத்துபவை. மலாய் பேசுவதால் உங்களுக்குப் பேச்சில் சிரமம் இருக்காது. பன்றி இருக்காது, மாடு இருக்கும். மெனுவில் 'டாகிங்' என்று வந்தாலே மாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாப்ரிக் (காரமான தாய் வதக்கல்) சொல்லும்போது கோழி என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அடுப்படி தெரிகிற கடையாக இருந்தால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். குவாலிக்கு (வதக்கும் சட்டி) பக்கத்தில் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும்: சிப்பி சாஸ், மீன் சாஸ், கீச்சாப் (சோயா சாஸ்), சீனி, கோழித் தூள். சமையல்காரர் கரண்டி முனையால் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு எடுப்பார், கண் அங்கே போகவே போகாது. 'சாயுர் சஹாஜா' என்று நீங்கள் சொன்னால் காய்கறி மட்டும்தான் போடுவார். ஆனால் கரண்டி வழக்கம்போல எல்லாக் கிண்ணத்துக்கும் போய்வரும். அவரைக் குறை சொல்ல முடியாது, அது கைப்பழக்கம். அதனால் 'சைவம்' என்று பொதுவாகச் சொல்லாமல், வேண்டாததைப் பெயர் சொல்லித் தடுக்க வேண்டும்: "ஜாங்ஙான் லெத்தாக் சோஸ் இக்கான், சோஸ் திராம், பெலாச்சான், பெரிசா ஆயாம். பாசோ குவாலி டுலு." அதாவது மீன் சாஸ், சிப்பி சாஸ், இறால் விழுது, கோழித் தூள் போடாதீர்கள், முதலில் குவாலியைக் கழுவுங்கள். குவாலியைக் கழுவச் சொல்லத் தயங்காதீர்கள். ஆனால் ராத்திரி எட்டு மணி நெரிசலில் இதெல்லாம் நடக்காது. கடை திறந்த கையோடு, ஆறரைக்குள் போய்விடுங்கள்.

மாமியாருக்கு வெள்ளைச் சோறு, பூண்டும் உப்பும் கீச்சாப்பும் மட்டும் போட்டு வதக்கிய கங்குங் அல்லது காய்லான் கீரை போதும். காய்லானைக் கருவாட்டோடு வதக்குவதுதான் வழக்கம், 'இக்கான் மாசின் தக் நாக்' என்று சொல்ல வேண்டும். மாங்காய்க் கெராபுவை (சாலட்) அப்போதைக்கப்போது கலப்பதால், காய்ந்த இறாலும் சாஸும் இல்லாமல் உப்பு, எலுமிச்சை, சிலி பாடி (சின்ன மிளகாய்) போட்டுக் கேட்கலாம். இதுதான் அவருக்குப் பிடிக்கும் என்பது என் ஊகம், நம் வீட்டு மாங்காய்ப் பச்சடியிலிருந்து அவ்வளவு தூரமில்லை. 'தாவ்ஹு ஜெப்பூன்' பார்க்கச் சாதாரண டோஃபு மாதிரி இருக்கும், முட்டை சேர்த்துச் செய்வது, வேண்டாம். பொரித்த டோஃபு என்றால் மீன் பொரித்த எண்ணெயாக இருக்கலாம். கடைசியில் பூலுட் மங்கா: பசையரிசி, தேங்காய்ப் பால், மாம்பழம். அதில் பயமில்லை.

பாத்திரமே தனியாக இருக்க வேண்டும் என்கிற அளவுக்கு ஆசாரம் பார்ப்பவர் என்றால், சைவ உணவகத்துக்கே போய்விடுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக அவரைச் சந்தேகத்தோடு உட்கார வைப்பது சரியில்லை.

பிள்ளைகளுக்கு நாசி கோரெங் சீனாவும் (சீன முறை வறுத்த சோறு) ஒரு முட்டை டாடாரும் (ஆம்லெட்). தோம்யாமைக் 'குராங் பெடாஸ்' (காரம் குறைவாக) என்று கேட்டாலும் விழுதின் காரம் போகாது.

பணத்துக்கு வருவோம். 100 ரிங்கிட் பொதுவாகப் போதும், முழு மீன் கேட்காத வரை. சியாக்காப் ஸ்டீம் லீமாவ் (எலுமிச்சையோடு ஆவியில் வேகவைத்த கொடுவா மீன்) அருமையாகத்தான் இருக்கும், ஆனால் எடைக்கு விலை. மெனுவில் இருப்பது 100 கிராமுக்கான விலையா என்று பார்த்து, மீனை நிறுக்கச் சொல்லி, மொத்தத்தைக் கேட்ட பிறகே சரி சொல்லுங்கள். நடுத்தரக் கோழித் தோம்யாம் ஒன்று, பாப்ரிக் ஒன்று உங்கள் இருவருக்கும் போதும். 6 விழுக்காடு சேவை வரி, ஆண்டு விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டிய உணவகங்களுக்குத்தான். சின்னக் கடை பில்லில் அந்த வரி இருந்தால், பதிவு எண் எங்கே என்று கேட்கலாம்.