மகளிர் ஆசியக் கோப்பை கால்பந்தில் இந்தியா இரண்டு முறை இறுதி ஆட்டம் வரை சென்றது உண்மையா? உண்மையென்றால் பிறகு ஏன் காணாமல் போனது?

கேள்வியின் முதல் பாதிக்கு விடை எளிது: உண்மைதான். 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த இறுதி ஆட்டத்தில் சீனத் தைபேயிடம் (விளையாட்டில் தைவானின் பெயர்) 2-0 என்றும், 1983இல் பாங்காக்கில் தாய்லாந்திடம் 3-0 என்றும் தோற்று இந்தியா இரண்டாமிடம் பெற்றது. இடையில் 1981இல் ஹாங்காங்கில் மூன்றாமிடம் கிடைத்தது.

ஆனால் இந்த முடிவுகளை மட்டும் எடுத்துக்காட்டி, நமக்கு ஒரு பொற்காலம் இருந்தது என்று எழுதுவதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. அந்தக் கோப்பையை அப்போது நடத்தியது இன்றைய ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு அல்ல. மகளிர் கால்பந்துக்கென்று தனியாக இயங்கிய வேறோர் ஆசிய அமைப்பு. அதனால்தான் 1975இல் நடந்த முதல் போட்டியில் நியூசிலாந்து கலந்துகொண்டு கோப்பையையும் வென்றது. ஆசியக் கூட்டமைப்பிலிருந்து விலக்கப்பட்டிருந்த தைவானும் இங்கே தடையின்றி ஆடியது. கோழிக்கோட்டில் இந்தியாவே 'எஸ்', 'என்' என இரண்டு அணிகளைக் களமிறக்கியது. இறுதி ஆட்டம் வரை சென்றது 'எஸ்' அணி. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததோ தேசிய அணி அல்ல, மேற்கு ஆஸ்திரேலிய மாநில அணி. சீனா 1986இலும், வட கொரியா 1989இலும், தென் கொரியா 1991இலும்தான் முதன்முதலாகப் பங்கேற்றன. வந்த முதல் முறையே கோப்பையை வென்ற சீனா, 1999 வரை தொடர்ந்து ஏழு முறை அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதைச் சொல்வதால் அன்று ஆடிய பெண்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதாக யாரும் கருத வேண்டாம். 1983இல் அர்ஜுனா விருது பெற்ற முதல் கால்பந்து வீராங்கனையான சாந்தி மல்லிக் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். எதிரணிகள் வலுவடைந்ததைவிட, அவருக்குப் பின் வந்தவர்களுக்கு ஆடுவதற்கு ஆட்டங்களே கிடைக்காமல் போனதுதான் பெரிய இழப்பு என்பது என் கருத்து. ஜப்பானில் மகளிர் லீக் 1989இல் தொடங்கியது. இந்திய மகளிர் லீக் தொடங்கியதோ 2016-17 பருவத்தில். நீண்ட காலம் சர்வதேச ஆட்டம் எதுவும் ஆடாத காரணத்தால் 2009இல் இந்திய அணியின் பெயர் ஃபிஃபா தரவரிசையிலிருந்தே விலக்கப்பட்டது. தோற்று மறைந்த அணி என்று இதைச் சொல்ல முடியாது. ஆடவே விடாமல் மறக்கப்பட்ட அணி.

2022ஆம் ஆண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது என் வீட்டுக்குள்ளேயே நடந்தது போல எனக்கு நினைவிருக்கிறது. என் ஊர் கடலூர். அந்த ஆண்டு கோப்பையை இந்தியாவே நடத்தியதால் நமக்கு நேரடி இடம் கிடைத்திருந்தது. அணியில் எங்கள் ஊரின் இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இருந்தார்கள். ஜனவரி 20ஆம் தேதி, முதன்முறையாக இந்தக் கோப்பைக்கு வந்திருந்த ஈரானை இந்தியா எதிர்கொண்டது. பந்து பெரும்பாலும் நம்மவர்களிடமே இருந்தும், ஈரான் கோல்கீப்பர் சொஹ்ரே கூதாயியைத் தாண்டி அதை வலைக்குள் செலுத்த முடியவில்லை. ஆட்டம் 0-0 என முடிந்தது. அடுத்த ஆட்டம் 23ஆம் தேதி, சீனத் தைபேயுடன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. பள்ளி அணியில் ஆடும் என் அக்காள் மகள் மாலையிலிருந்தே நீல ஜெர்சியை அணிந்துகொண்டு தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அணிக்குள் கொரோனா பரவியதால், ஆட்டத்துக்குத் தேவையான 13 பேரின் பெயரைக்கூட இந்தியாவால் கொடுக்க முடியவில்லை என்ற செய்தி வந்தது. ஆட்டம் நடக்கவில்லை. இந்தியா போட்டியிலிருந்து விலகியதாகக் கருதப்படும் என்றும், அது ஆடிய ஆட்டமும் செல்லாது என்றும் பிறகு அறிவித்தார்கள். "அப்போ வியாழக்கிழமை ஆடினதும் கணக்குல இல்லையா மாமா?" என்று அவள் கேட்டபோது, இல்லை என்று சொல்வதற்கு எனக்குச் சற்று நேரம் பிடித்தது. இந்தக் கோப்பைதான் உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றும் என்பதால், 2023 உலகக் கோப்பைக்கான வாய்ப்பும் அத்துடன் போயிற்று. நவி மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் 0-2 எனப் பின்தங்கியிருந்த சீனா, தென் கொரியாவை 3-2 என்று வீழ்த்தியது. மிகச் சிறந்த ஆட்டம் என்கிறார்கள். நான் அதைப் பார்க்கவில்லை, பார்க்க மனம் வரவில்லை.

எனவே, 1980, 1983 ஆகிய ஆண்டுகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2025 ஜூலை 5. தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நடந்த தகுதிச் சுற்றில், இந்தியாவும் தாய்லாந்தும் தத்தம் மூன்று ஆட்டங்களிலும் வென்று, இருவருமே 22 கோல் அடித்து ஒன்றுகூட வாங்காமல், சரிசமமாகக் கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றார்கள். தாய்லாந்து 2015, 2019 உலகக் கோப்பைகளில் ஆடிய அணி, அரங்கமும் அவர்களுடையது. முதல் பாதியில் சங்கீதா பாஸ்ஃபோர் தொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் சென்றது. இடைவேளை முடிந்த உடனேயே தாய்லாந்து சமன் செய்தது. 74ஆம் நிமிடத்தில் சங்கீதா மீண்டும் ஒரு கோல் அடிக்க, 2-1 என்று இந்தியா வென்றது. மகளிர் ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதிச் சுற்றில் ஆடி வென்று நுழைந்தது அதுவே முதல் முறை. முன்பு பெற்ற இடங்கள் எல்லாம் அழைப்பினாலோ, போட்டியை நடத்தும் உரிமையினாலோ, தகுதிச் சுற்றே இல்லாத காலத்தினாலோ கிடைத்தவை.

அந்த மாத இறுதியில் 2026 ஆஸ்திரேலியப் போட்டிக்கான குலுக்கல் நடந்தது. இந்தியாவின் பிரிவில் ஜப்பான், வியட்நாம், சீனத் தைபே. நான் ஜப்பானின் பெயரைப் பார்த்துக் கவலையோடு இருந்தேன். அக்காள் மகள் கைப்பேசியை என் பக்கம் திருப்பி, பட்டியலில் சீனத் தைபே இருந்த வரியில் விரலை வைத்து, "அன்னைக்கு நடக்காத ஆட்டம் மாமா" என்றாள்.