முதுகெலும்பு முறிவு: எலும்பு வார்டு அக்காவிடம் கேள்வி பதில்

ஹட்டன்: அக்கா, அம்மாவுக்கு 68 வயது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகில் 'நறுக்'கென்றது. எக்ஸ்ரேயில் எலும்பு அமுங்கியிருக்கிறதாம். விழாமலே எப்படி முறியும்?

விழவே தேவையில்லை தம்பி. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு உள்ளுக்குள் பொரபொரவென்று ஆகிவிடும், குனிந்து பாரம் தூக்கினாலே முள்ளெலும்பின் முன்பக்கம் அமுங்கி ஆப்பு மாதிரி ஆகிவிடும். நெஞ்சுப் பக்கத்து 12 எலும்பு முடிந்து இடுப்புப் பக்கத்து 5 தொடங்கும் சந்தியில்தான் இது அதிகம். மேலே விலா இறுக்கிப் பிடிக்கிறது, கீழே வளைகிறது, பாரமெல்லாம் நடுவில் இறங்குகிறது. நரம்பு தப்பியிருந்தால் பெரும்பாலும் ஒபரேஷன் வேண்டாம்: வலி மாத்திரை, சிலருக்கு பெல்ட், கொஞ்சம் கொஞ்சமாக நடை, 8 முதல் 12 கிழமையில் (வாரத்தில்) பொருந்திவிடும். மாதக்கணக்கில் படுக்கப் போடாதீர்கள், எலும்பு இன்னும் கரையும். எலும்புத் தேய்வுக்கும் மருந்து கேளுங்கள். கிழமைக்கு ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை தந்தால் வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரோடு குடித்து, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். தேத்தண்ணி அதற்குப் பிறகுதான்.

டிக்கோயா: கூரையிலிருந்து விழுந்த அண்ணனுக்குக் கம்பி வைக்கச் சொல்கிறார்கள். அவசியமா?

எலும்பு சிதறித் துண்டு நரம்புப் பக்கம் தள்ளியிருந்தால், கால் பலம் குறைந்தால், அவசியம். முறிந்த எலும்புக்கு மேலும் கீழும் ஸ்குரூ போட்டுக் கம்பியால் இணைப்பார்கள். சி.டி. ஸ்கேன் படத்தைக் காட்டச் சொல்லி டாக்டரிடமே கேளுங்கள்.

கொட்டகலை: பெல்ட் எத்தனை கிழமை?

எலும்பு பொருந்தும் கணக்குத்தான், மேலே சொன்ன 8 முதல் 12 கிழமை.

நானுஓயா: அப்பா நேற்று விழுந்தார். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை, தொடையிடுக்கு மரத்திருக்கிறது.

1990 ஆம்புலன்ஸ் நம்பருக்கு இப்போதே அடியுங்கள். எழுப்பி உட்கார வைக்காதீர்கள்.

பதுளை: முறிவு வைத்தியர் உருவிவிட்டே எங்கள் தாத்தா சுகமானார். ஏன் பயம் காட்டுகிறீர்கள்?

கை முறிவுக்கு மூலிகைப் பத்துக் கட்டிச் சுகமானவர்களை நானும் கண்டிருக்கிறேன். முதுகு வேறு. தாத்தாவுடையது துண்டு நகராத, நிலையான முறிவாக இருந்திருக்கும், அது உருவாமலும் பொருந்தும். நிலையில்லாததை உருவினால் துண்டு நரம்பில் ஏறும்.

பதுளை: தோட்டத்து லய வீட்டிலிருந்து ரோட்டுக்கு 2 கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் ஏறாது. தூக்காமல் என்ன செய்வது?

நியாயமான கேள்வி, இதற்குத்தான் காத்திருந்தேன். மரத்திலிருந்து விழுந்த ஒரு பையன் விழுந்த இடத்தில் கால் விரலை அசைத்தானாம். இரண்டு பேர் கையிலும் காலிலும் பிடித்து, நடுமுதுகு தொங்கத் தொங்க மலை இறக்கினார்கள். வார்டில் நான் போர்வையை விலக்கினபோது விரல் அசையவில்லை. தூக்குங்கள், ஆனால் வளைக்காமல் தூக்குங்கள். ஒருவர் தலையையும் கழுத்தையும் பிடிக்க, மூன்று பேர் ஒரே பக்கம் நின்று, ஒரே சொல்லில் மரக்கட்டை மாதிரி உருட்டிப் பலகையில் கிடத்துங்கள். பலகை இல்லையென்றால் லயத்துக் கதவைக் கழற்றுங்கள்.