காது இருக்கிறதா என்று கேளுங்கள்

கேள்வி: சார், இரண்டு வருடமாக ஜாஸ் கேட்கிறேன். ட்ரம்பெட் கலைஞர் லீ மார்கனின் ‘தி சைட்வைண்டர்’ ரெக்கார்ட் என்றால் உயிர். பழைய ரெக்கார்ட் விற்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருவர் அதை ‘1964 ஒரிஜினல், ஃபர்ஸ்ட் பிரஸ், ஆர்.வி.ஜி. முத்திரை உண்டு, வி.ஜி. பிளஸ்’ என்று போட்டு 28,000 ரூபாய் சொல்கிறார். லேபிளில் ‘நியூயார்க் யு.எஸ்.ஏ.’ என்று இருக்கிறது. அட்டைப் படமும் அனுப்பினார். இன்று ராத்திரிக்குள் 10,000 முன்பணம் போடாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். என்னிடம் இருப்பது சூட்கேஸ் மாதிரி மூடுகிற பிளேயர். வாங்கலாமா? – ஒரு வாசகர், மதுரை

முன்பணம் போட்டுவிட்டீர்களா? போடவில்லை என்றால் மேற்கொண்டு படியுங்கள். போட்டுவிட்டீர்கள் என்றால் முதலில் அவரிடம் ஒரு வீடியோ கேளுங்கள், என்ன வீடியோ என்று கீழே சொல்கிறேன்.

‘இன்று ராத்திரிக்குள்’ என்பதைப் படித்ததுமே எனக்குச் சுருக்கென்றது. அறுபது வருடம் எங்கெங்கோ கிடந்துவிட்டு வந்த தட்டு இன்னும் நான்கு நாள் கிடந்தால் கெட்டுப்போக அது என்ன பாலா? நீங்கள் நிதானமாகப் பார்த்துவிடுவீர்களோ என்ற பயம்தான் அவருக்கு. வேறு ஆள் என்று ஒருவர் இருக்கவே மாட்டார், இருந்தாலும் போகட்டும். சைட்வைண்டர் ஒன்றும் கிடைக்காத சரக்கு இல்லை. அந்தக் காலத்திலேயே நன்றாக விற்று, அமெரிக்காவின் பில்போர்டு எல்.பி. பட்டியலில் 25-ஆம் இடம் வரை ஏறிய ரெக்கார்ட். திரும்பத் திரும்ப அச்சடித்திருக்கிறார்கள். அதனால்தான் ‘ஒரிஜினல்’ என்ற வார்த்தையை இதன் தலையில் யார் வேண்டுமானாலும் கட்டிவிட முடிகிறது.

சரி, ஆர்.வி.ஜி. முத்திரைக்கு வருவோம், ஏனென்றால் அவர் உங்களை மடக்கியிருப்பது இதை வைத்துத்தான். ருடி வான் கெல்டர் என்பவர் ஒலிப்பதிவாளர். நியூஜெர்சியில் எங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்ற ஊரில் இருந்த அவருடைய ஸ்டுடியோவில்தான் 1963 டிசம்பர் 21 அன்று இந்த ரெக்கார்ட் பதிவானது. டேப்பில் பதிவு செய்ததோடு நிற்காமல், அதிலிருந்து தட்டுக்கான மூலத்தையும் அவரே வெட்டி, பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே இருக்கும் வெறும் பட்டையில் தன் பெயரைக் குத்திவிடுவார். அந்த மூலத்திலிருந்து உலோக அச்சு எடுத்து, அந்த அச்சை வைத்துத் தட்டு அழுத்துவார்கள். இப்போது யோசியுங்கள். பாட்டி கல்யாணத்துக்கு வாங்கிய முறுக்கு அச்சில் பேத்தி போன தீபாவளிக்குப் பிழிந்தால், முறுக்கில் வருவது பாட்டி காலத்து வடிவம்தானே? அதைக் காட்டி ‘இது பாட்டி சுட்ட முறுக்கு’ என்று ஒருவர் விற்றால் வாங்குவீர்களா? வான் கெல்டரின் அச்சு பல வருடம் உழைத்திருக்கிறது. சைட்வைண்டரை வெளியிட்ட புளூ நோட் கம்பெனி கை மாறிய பிறகு அழுத்திய தட்டுகளிலும் அவர் முத்திரை இருக்கும். மூலத்தை யார் வெட்டினார் என்று அது சொல்லும், எந்த வருடம் அழுத்தினார்கள் என்று சொல்லாது.

வருடத்தைச் சொல்வது காது. சிரிக்காதீர்கள், சேகரிப்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். புளூ நோட் கம்பெனி தன் எல்.பி.க்களை நியூஜெர்சியில் பிளாஸ்டிலைட் என்ற ஆலையில்தான் அழுத்திக்கொண்டிருந்தது. அந்த ஆலை, வெறும் பட்டையில் ஆங்கில ‘பி’ எழுத்தை வளைத்து எழுதிய மாதிரி ஒரு சின்னக் குறி போடும். பார்க்க ஒரு குட்டிக் காது மாதிரியே இருக்கும். 1965-இல் புளூ நோட்டை லிபர்ட்டி என்ற கம்பெனி வாங்கியது. 1966-இல் அழுத்துகிற வேலை வேறு ஆலைகளுக்குப் போனது, காதும் அதோடு போயிற்று. ஆக, 1964-இல் அழுத்திய சைட்வைண்டர் என்றால் காது இருந்தே ஆக வேண்டும்.

உங்கள் ஆள் அனுப்பியது அட்டைப் படமும் லேபிள் படமும். இந்த இரண்டையும் நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்க முடியாது. இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே இதில்தான் விழுந்தேன். லிபர்ட்டி வாங்கியபோது ‘நியூயார்க் யு.எஸ்.ஏ.’ என்று அச்சடித்த பழைய லேபிள்களும் பழைய அட்டைகளும் மிச்சம் இருந்தன. யார் தூக்கிப் போடுவார்கள்? புதிதாக அழுத்திய தட்டில் பழைய லேபிளை வைத்து, பழைய அட்டையில் போட்டு அனுப்பிவிட்டார்கள். அதனால் லேபிள் 1964 மாதிரி இருக்கும், அட்டையில் புளூ நோட்டின் பழைய முகவரிகூட இருக்கும், ஆர்.வி.ஜி. முத்திரையும் இருக்கும், ஆனால் காது இருக்காது. கேட்க நன்றாகவே இருக்கும், அதே அச்சுதானே. விலை மட்டும் ஒரிஜினலுக்குப் பக்கத்தில்கூட வராது. புளூ நோட்டின் இன்னொரு ரெக்கார்ட், ஹொரேஸ் சில்வரின் ‘சாங் ஃபார் மை ஃபாதர்’, இப்படி ஒன்று, ஒரு தரகர் லேபிளைக் காட்டியே என் தலையில் கட்டினார். வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துத் தேடுகிறேன் தேடுகிறேன், காதைக் காணோம். அவரைக் கேட்டால் ‘சில தட்டில் விழாது சார்’ என்றார். அது இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு இன்னொரு ரெக்கார்டைப் பார்த்துவிட்டு ‘காது இல்லை, போலி’ என்று யாரிடமாவது சண்டைக்குப் போவீர்கள். ஆலை மாறிய பிறகு, அதாவது 1966-க்குப் பிறகு முதல் தடவையாக வெளிவந்த புளூ நோட் எல்.பி.க்களில் காது இருக்கவே இருக்காது, இருக்கவும் வேண்டாம். அவற்றின் முதல் அழுத்தமே லிபர்ட்டி காலத்ததுதான். ஆகவே காது இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் அந்த ரெக்கார்ட் முதலில் எப்போது வெளிவந்தது என்று பார்க்க வேண்டும். 1966-ஆம் வருடமே ரெண்டுங்கெட்டான், அந்த வருடத்து வெளியீடுகளில் இரண்டு விதமும் வரும். சைட்வைண்டருக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. 1964, காது வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது வீடியோ. ஃபோட்டோ வேண்டாம், ஃபோட்டோவில் கறுப்பின் மேல் கறுப்பு ஒன்றும் தெரியாது. ஃபோன் டார்ச்சைத் தட்டுக்கு நேர் மேலே பிடிக்காமல் பக்கவாட்டில், கிட்டத்தட்ட படுக்கவைத்த மாதிரி பிடித்துக்கொண்டு, தட்டை மெதுவாகச் சுழற்றச் சொல்லுங்கள். ஒளி சாய்வாக விழும்போது வெறும் பட்டையில் உள்ளதெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வரும்: முதலில் 4157 என்ற எண், பக்கத்தைக் குறிக்கும் எழுத்து, அப்புறம் வான் கெல்டர் முத்திரை, கொஞ்சம் தள்ளித் தனியாக அந்தக் காது. இரண்டு பக்கமும் வேண்டும். வீடியோவில் உங்கள் பெயரை எழுதிய துண்டுக் காகிதமும் தட்டின் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கிருந்தோ எடுத்த வேறொரு தட்டைக் காட்டுவார்கள். கொடுக்க மாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். டீப் க்ரூவ் (லேபிளில் அழுந்தியிருக்கும் வட்டப் பள்ளம்), உள் உறையில் ‘25 வருடங்கள்’ என்று அச்சு, இதையெல்லாம் சொல்லி ஏற்றினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உறையை யார் வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம். ‘மோனோ சார், அதான் உண்மையான சத்தம்’ என்பதற்கும் தனிக் காசு கிடையாது. 1958 கடைசியிலிருந்தே வான் கெல்டர் இரண்டு டிராக் டேப்பில்தான் பதிவு செய்தார். சைட்வைண்டரின் மோனோ தட்டு அந்த இரண்டையும் ஒரே ஒலியாகச் சேர்த்து வெட்டியதுதான்.

அடுத்து ‘வி.ஜி. பிளஸ்’, அதாவது ‘வெரி குட் பிளஸ்’ பற்றி. இந்தத் தர வரிசையைக் கண்டுபிடித்தவர்களை நிற்க வைத்துக் கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ‘குட்’ என்றால் இவர்கள் பாஷையில் கீறல் விழுந்து இரைகிற தட்டு! ‘வெரி குட்’ என்றால் பாட்டோடு சேர்ந்து பொரிகிற சத்தம் கேட்கும். ரெக்கார்ட் சேகரிப்பவர்களுக்கான கோல்ட்மைன் பத்திரிகையின் கணக்குப்படி வி.ஜி. பிளஸ் என்றால் கிட்டத்தட்டப் புதிதாக இருக்கும் தட்டின் விலையில் பாதி, வெறும் வி.ஜி. என்றால் கால்வாசி. அந்த ஒரு ‘பிளஸ்’ குறியைப் போட்டுவிட்டால் விலை இரண்டு மடங்கு ஆகிறது. யார் போடுவது? விற்கிறவரே! பரீட்சை எழுதியவனே பேப்பர் திருத்துகிற கதை. அதிலும் இதையெல்லாம் கண்ணால் பார்த்துப் போடுகிறார்கள். அறுபதுகளில் கனமான ஊசியில் நூறு தடவை ஓடித் தேய்ந்த பள்ளம் கண்ணுக்குப் பளபளவென்றுதான் இருக்கும்.

அதனால் ஒலியைக் கேட்டு வாங்குங்கள். அவரிடம் இரண்டு இடம் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். ஒன்று, முதல் பாட்டில் எல்லோரும் வாசித்து முடித்த பிறகு பாப் கிரான்ஷா பேஸ் வாத்தியத்தில் தனியாக வாசிக்கிற இடம். மற்றவர்கள் அடங்கி இருப்பதால் தட்டில் இருக்கிற பொரிகிற சத்தமெல்லாம் அங்கேதான் வெளியே வரும், ட்ரம்பெட் ஊதும்போது கேட்டால் தெரியாது. இன்னொன்று, அதே பக்கத்தின் இரண்டாவது பாட்டு ‘டோட்டம் போல்’, அதன் கடைசி இரண்டு நிமிடம். தட்டின் நடுவுக்குப் போகப் போகப் பள்ளம் ஊசிக்கு அடியில் மெதுவாக நகர்கிறது, அதே சத்தத்தைக் குறைந்த இடத்தில் அடைக்க வேண்டியிருக்கிறது, ஆகவே தேய்மானம் முதலில் அங்கேதான் காட்டும். மார்கனின் ட்ரம்பெட் உரக்கப் போகும்போது ஓரத்தில் கிழிசல் மாதிரி கரகரத்தால் தட்டு முடிந்தது, எந்தத் திரவம் போட்டுக் கழுவினாலும் திரும்பாது. பாரி ஹாரிஸின் பியானோ மட்டும் பெட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டால் பயப்படாதீர்கள். வான் கெல்டர் பியானோவைப் பதிவு செய்கிற விதம் அது, அவரைத் திட்டுகிறவர்கள் எல்லோரும் திட்டுவது இதற்காகத்தான்.

‘நானே வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் என்ன’ என்று அடுத்துக் கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம், விலையை ரெக்கார்ட் விற்கும் இணையதளமான டிஸ்காக்ஸில் பாருங்கள். அதிலும் கேட்கிற விலையை விட்டுவிட்டு, முன்பு விற்ற விலைகள் தனியாக இருக்கும், அதைப் பாருங்கள். அதன் மேல் தபால் செலவு, சுங்க வரி, கூரியர்காரர் வரி கட்டியதற்காகப் போடும் தனிக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். பழைய பொருள், சொந்த உபயோகம், வியாபாரம் இல்லை என்று எத்தனை கடிதம் எழுதினாலும் அதைப் படிக்க அங்கே ஆள் இல்லை. ஒரு மே மாதம் என் பார்சல் ஒன்று ஏதோ கிடங்கில் மூன்று வாரம் தகரக் கூரைக்குக் கீழே கிடந்து, அப்பளம் மாதிரி நெளிந்து வந்தது. வரி மட்டும் நேரான தட்டுக்குரிய வரி. கோடையில் வரவழைக்காதீர்கள்.

இனி உங்கள் பிளேயர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படக் கூடாது. சூட்கேஸ் பிளேயரில் ஊசியைத் தாங்குவது செராமிக் கார்ட்ரிட்ஜ், அது ஐந்து கிராம் அளவுக்குத் தட்டை அழுத்தும். ஒழுங்கான மேக்னட் கார்ட்ரிட்ஜ் என்றால் இரண்டு கிராம் போதும். நிஜமாகவே காது உள்ள சைட்வைண்டர் உங்கள் கையில் வந்தால், அதை இந்தப் பிளேயரில் ஓட்டுவது பட்டுப்புடவையைக் கருங்கல்லில் அடித்துத் துவைக்கிற மாதிரி. 28,000-க்கு நல்ல டர்ன்டேபிள் ஒன்றும், புளூ நோட்டே இப்போது ‘கிளாசிக் வினைல்’ வரிசையில் போட்டிருக்கும் இதே ரெக்கார்டும் வாங்கிவிடலாம். கெவின் கிரே என்பவர் பழைய மூல டேப்பிலிருந்து வெட்டியது அது. பழசுதான் வேண்டும் என்று மனசு கேட்காவிட்டால், எழுபதுகளின் கடைசியில் ஜப்பானில் கிங் கம்பெனி அழுத்திய புளூ நோட் தட்டுகளைத் தேடுங்கள், மேற்பரப்பு கண்ணாடி மாதிரி இருக்கும்.

புதிய தட்டு வாங்கும்போது ஒன்று மட்டும். 1962 வரை வெளிவந்த ஒலிப்பதிவுகளுக்கு ஐரோப்பாவில் உரிமைக் காலம் முடிந்துவிட்டது, ஆகவே அங்கே யார் வேண்டுமானாலும் சட்டப்படியே அழுத்தலாம், பெரும்பாலும் சி.டி.யிலிருந்து எடுத்துத்தான். மேலே ‘180 கிராம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். கனத்தை வைத்து வாங்க அது என்ன வெள்ளிக் கொலுசா. 1964-இல் வந்த சைட்வைண்டர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து தப்பித்துக்கொண்டது. நீங்கள் அடுத்து கோல்ட்ரேன், மைல்ஸ் டேவிஸ் என்று போவீர்கள், அங்கேதான் இது நிறைய இருக்கிறது.

டர்ன்டேபிள் வாங்கிய பிறகும் இந்தத் தட்டு மேல் ஆசை தீரவில்லை என்றால் அவரிடம் திரும்பப் போங்கள், அங்கேயே இருக்கும். வீடியோவில் இரண்டு பக்கமும் காது தெரிந்து, ‘டோட்டம் போல்’ கடைசி வரை கரகரக்காமல் ஓடினால் விலை பேசலாம். 28-இல் ஆரம்பிக்காதீர்கள், முன்பணம் அப்போதும் வேண்டாம்.