பிபிஎம்மைப் பார்த்து ஏமாறாதீர்கள்: சத்து மாத்திரைகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒரே மூலிகையை ஒரு நிறுவனம் பொடியாகவும் இன்னொன்று கேப்சூலாகவும் விற்கின்றன. பொடியின் ஆய்வறிக்கையில் காரீயம் 0.8 பிபிஎம், கேப்சூலின் அறிக்கையில் 2 பிபிஎம். அப்படியென்றால் பொடிதானே பாதுகாப்பானது?

அப்படிச் சொல்ல முடியாது, கேப்சூலாகவும் இருக்கலாம். பிபிஎம் என்பது ஒரு கிராமில் எத்தனை மைக்ரோகிராம் இருக்கிறது என்ற கணக்கு. ஒரு நாளில் நீங்கள் எத்தனை கிராம் சாப்பிடுகிறீர்கள் என்பது அதில் இல்லை. பொடியை நாளுக்கு 10 கிராம் எடுக்கச் சொல்லியிருந்தால் 10 × 0.8 = 8 மைக்ரோகிராம் காரீயம் உள்ளே போகிறது. கேப்சூல் அரை கிராம் எடை, நாளுக்கு இரண்டு என்றால் 1 × 2 = 2 மைக்ரோகிராம்தான். அமெரிக்க மருந்தியல் தரநூலான யூஎஸ்பி, சப்ளிமென்ட் வழியாக ஒரு நாளில் சேரும் காரீயத்துக்கு வைத்திருக்கும் வரம்பு 5 மைக்ரோகிராம். காட்மியத்துக்கும் 5, கனிம ஆர்சனிக்குக்கு 15, பாதரசத்துக்கு 15. அப்படியானால் உங்கள் பொடி முதல் வரம்பையே தாண்டிவிட்டது.

கணக்குப் போடும்போது பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. கேப்சூல் டப்பாவில் '500 மி.கி.' என்று இருப்பது பெரும்பாலும் மூலிகைச் சாற்றின் (எக்ஸ்ட்ராக்ட்) எடை. நிரப்புப் பொருள், கேப்சூல் ஓடு எல்லாம் சேர்த்தால் அது 650 மி.கி. கூட வரும். அறிக்கை முழு கேப்சூலைச் சோதித்ததாக இருந்தால் முழு எடையால்தான் பெருக்க வேண்டும். மூன்று சப்ளிமென்ட் சாப்பிடுகிறவர் மூன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். வரம்பு ஆளுக்குத்தான், டப்பாவுக்கு அல்ல. காரீயத்தில் 'இவ்வளவு வரை தீங்கே இல்லை' என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை. அதனால் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வாங்கும்போது, வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் இருப்பதிலேயே குறைவானது எது என்று பாருங்கள்.

கடற்பாசி சேர்ந்த பொருளில் ஆர்சனிக் எண் மிகப் பெரிதாக இருந்தால், அது மொத்த ஆர்சனிக்கா, கனிம ஆர்சனிக்கா என்று கேளுங்கள். கடல்சார் பொருள்களில் இருப்பது பெரும்பாலும் நச்சுத்தன்மை குறைந்த கரிம வடிவம். ஆனால் எல்லாப் பாசியும் அப்படியல்ல. ஹிஜிகி என்ற வகையில் கனிம ஆர்சனிக்கே அதிகம்.

கேள்வி: கேட்டவுடன் நிறுவனம் ஒரு பகுப்பாய்வுச் சான்றை பிடிஎஃப் ஆக அனுப்பிவிட்டது. அதில் எதை முதலில் பார்ப்பது?

பேட்ச் எண், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண். உங்கள் கையிலிருக்கும் டப்பாவின் எண்ணும் சான்றிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 'மாதிரிச் சான்று' என்று ஒன்றை அனுப்பினால் அது வேறொரு டப்பாவின் ஜாதகம்.

ஒவ்வொரு பேட்சும் தனி என்பதற்கு 2008-இல் அமெரிக்காவில் நடந்ததே போதும். ஒரு திரவ சப்ளிமென்ட்டில் லேபிளின்படி இருக்க வேண்டிய செலினியம் 200 மைக்ரோகிராம். உண்மையில் இருந்தது 40,000-க்கும் மேல். 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். வயிற்றுப்போக்கு, மூட்டுவலி, முடி உதிர்வு, நகம் நிறம் மாறுதல் என்று பல தொல்லைகள். மில்லிகிராமுக்கும் குறைவான பொருளைப் பெரிய கலவையில் சேர்க்கும் இடத்தில் இத்தகைய பிழைக்கு எப்போதும் வாய்ப்பு உண்டு. செய்து முடித்த பொருளைச் சோதித்தால்தான் அது பிடிபடும்.

ஆகவே அடுத்த கேள்வி, சோதிக்கப்பட்டது மூலப்பொருளா, முடிந்த பொருளா? சாறு விற்றவர் கொடுத்த சான்றையே மேல்தலைப்பை மாற்றி அனுப்புவோர் இருக்கிறார்கள். பிறகு ஆய்வகத்தின் பெயர், அறிக்கை எண், தேதி. ஆய்வகங்களின் திறனுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் இருந்தால், அது எந்தெந்தச் சோதனைகளுக்கு என்று பாருங்கள். நுண்ணுயிர்ச் சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் கன உலோகத்துக்கும் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை.

'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லைத் தனியாக நம்பாதீர்கள். கருவியால் காண முடிகிற மிகக் குறைந்த அளவு 1 பிபிஎம் என்றால், அந்தப் பொடியின் 10 கிராமில் கிட்டத்தட்ட 10 மைக்ரோகிராம் காரீயம் ஒளிந்துகொண்டும் 'கண்டறியப்படவில்லை' என்றே வரும். அளவீட்டு எல்லையைக் கேளுங்கள். உலோகங்களை நுட்பமாக அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் பிபிஎம்மின் நூறில் ஒரு பங்கையும் காண முடியும். எண்ணே இல்லாமல் 'தேர்ச்சி' என்று மட்டும் இருக்கும் சான்றால் நமக்குப் பயனில்லை.

மூலிகைச் சாறு என்றால் முறையையும் பாருங்கள். புற ஊதா நிறமாலை முறை, ஒத்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும் எதையும் சத்தாக எண்ணிவிடும். மலிவான சாயம் கலந்தாலும் தேறிவிடும். ஹெச்பிஎல்சி பொருள்களைப் பிரித்து அளப்பது, அதுதான் வேண்டும். டிஎன்ஏ சோதனை இலைப்பொடிக்குச் சரி. சாறு எடுக்கும்போது டிஎன்ஏ பெரும்பாலும் சிதைந்துவிடுவதால், சாற்றில் 'மூலிகையே இல்லை' என்று அது சொன்னாலும் உடனே நம்பிவிட முடியாது.

கேள்வி: புரோட்டீன் பவுடரில் 'அமினோ கலப்படம்' என்கிறார்களே, அது என்ன?

வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறது. நைட்ரஜன் உள்ள எதைக் கலந்தாலும் புரதம் கூடியதாகக் காட்டும். மலிவான அமினோ அமிலமான கிளைசின் ஒரு கிராம் கலந்தால் 1.17 கிராம் புரதமாக எண்ணப்படும். ஒரு கிராம் கிரியேட்டின் 2 கிராமாக. 2008-இல் சீனாவில் பால்பொடியில் மெலமின் கலந்ததும் இதே ஓட்டையின் வழியாகத்தான். அதில் ஒரு கிராம் நான்கு கிராமுக்கு மேல் காட்டும்.

முழு அமினோ அமிலப் பட்டியலைக் கேளுங்கள். மோர்ப்புரதமான வே-யில் 25 கிராம் புரதத்துக்குச் சுமார் 2.5 கிராம் லியூசின் இருக்கும். கிளைசின் அரை கிராம் அளவில்தான் இருக்கும். லியூசின் குறைந்து கிளைசினோ டாரினோ எகிறியிருந்தால் அந்தப் பவுடர் வேண்டாம்.

கேள்வி: டப்பாவில் இருக்கும் முத்திரைகளில் எதை நம்பலாம்?

'ஜிஎம்பி' (நல்ல உற்பத்தி முறை), 'எஃப்டிஏவில் (அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) பதிவான ஆலை' என்பவை ஆலையைப் பற்றியவை. உள்ளே இருக்கும் மாத்திரையை யாரும் சோதித்தார்கள் என்று அவை சொல்லவில்லை. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவில் சப்ளிமென்ட்டுகளுக்கு விற்பனைக்கு முன் எஃப்டிஏ ஒப்புதல் என்ற ஒன்றே கிடையாது. 'எஃப்டிஏ அப்ரூவ்டு' என்று போட்டிருந்தால் அந்த ஒரு வரியே டப்பாவைக் கீழே வைக்கப் போதுமான காரணம். யூஎஸ்பி வெரிஃபைடு முத்திரை அளவு, மாசு, மாத்திரை கரைகிறதா என்பவற்றைச் சோதித்துத் தருவது. விளையாட்டு வீரர்களுக்கு இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், என்எஸ்எஃப் சர்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட் இரண்டும் தடை செய்யப்பட்ட பொருள்களையும் தேடுகின்றன. முதலாவதில் ஒவ்வொரு பேட்சும் சந்தைக்கு வருமுன் சோதிக்கப்படுகிறது. படத்தை அச்சடிப்பது எளிது. சான்றளிக்கும் அமைப்பின் சொந்தத் தளத்தில் பொருளின் பெயரைத் தேடி உறுதி செய்யுங்கள்.

இவற்றில் எதுவும் அந்தச் சத்து உங்களுக்குப் பலன் தரும் என்று சொல்லவில்லை.

கேள்வி: எடை குறைக்கும் மூலிகை மாத்திரை, இரண்டே வாரத்தில் பலன் தெரிகிறது. கன உலோக அறிக்கையும் சுத்தம். தொடரலாமா?

இரண்டே வாரத்தில் பலன் என்பதுதான் கவலைப்பட வேண்டிய இடம். ஆய்வகம் தேடச் சொன்னதைத்தான் தேடும். உலோகச் சோதனையில் மருந்து அகப்படாது. இதய ஆபத்தால் 2010-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட எடைக்குறைப்பு மருந்தான சிபுட்ரமின் இன்றும் 'மூலிகை' மாத்திரைகளில் பிடிபடுகிறது. 2007 முதல் 2016 வரை அறிவிக்கப்படாத மருந்து கலந்தவையாக எஃப்டிஏ பட்டியலிட்ட சப்ளிமென்ட்டுகள் 776. பெரும்பாலானவை ஆண்மை, எடைக் குறைப்பு, தசை வளர்ப்பு ஆகிய மூன்று வகையில் அடங்கும். படபடப்பு, தூக்கமின்மை, வாய் உலர்தல் இருந்தால் இன்றே நிறுத்திவிட்டு டப்பாவோடு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மீன் எண்ணெயில் எலுமிச்சை மணம் இருந்தால் நல்லதா?

மணம் எதையும் நிரூபிக்காது. கெட்ட வாடையை மறைக்கவும் உதவும். எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் காட்டும் எண்களுக்குத் துறையினர் வைத்துள்ள வரம்பு: பெராக்சைடு 5, அனிசிடின் 20, பெராக்சைடை இரண்டால் பெருக்கி அனிசிடினைக் கூட்டினால் வரும் டோடாக்ஸ் 26. பெராக்சைடு மட்டும் குறைவு என்று காட்டினால் போதாது. எண்ணெய் மேலும் கெடும்போது அது தானாகவே இறங்கிவிடும். எலுமிச்சை மணப்பொருள் அனிசிடின் எண்ணைப் பொய்யாக உயர்த்தும் என்பதால், மணம் சேர்க்கும் முன் எடுத்த அறிக்கையைக் கேளுங்கள்.

கேள்வி: முடிக்காகப் பயோட்டின் சாப்பிடுகிறேன். எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் தைராய்டு அறிக்கை திடீரென மாறிவிட்டது.

மாறியது தைராய்டாக இல்லாமல் சோதனையாக இருக்கலாம். நாளுக்குத் தேவையான பயோட்டின் 30 மைக்ரோகிராம். இந்த மாத்திரைகளில் 5,000, 10,000 கூட இருக்கும். பல ரத்தச் சோதனைகள் பயோட்டினையே பிடிமானமாக வைத்து இயங்குபவை. ரத்தத்தில் அது மிகுந்தால் தைராய்டு சோதனையில் பார்க்கும் ஹார்மோன்களில் டிஎஸ்ஹெச் குறைவாகவும் டி4 அதிகமாகவும் காட்டும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனினையும் குறைத்துக் காட்டக்கூடும் என்று 2017-இல் எஃப்டிஏ எச்சரித்தது. குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். அளவு மிக அதிகமென்றால் எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று ஆய்வகத்திடமே கேளுங்கள். புதிய முடிவு வரும்வரை தைராய்டு மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.